வாசற்படி தேடும் பூக்கள்

மார்ச் நடுவில் சைத்ர மாதம் பிறக்கும் அன்று, குமாவோன், கட்வால் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் விடியலிலேயே கூடையுடன் கிளம்பிவிடுகிறார்கள். பாறை இடுக்கில் மஞ்சள் ஃப்யோன்லி, காட்டில் ரத்தச் சிவப்பாய் புரான்ஷ். பறித்து வந்த பூக்களை வீடு வீடாக வாசற்படியில் வைத்து, அந்த வீடு செழிக்கட்டும் என்று வாழ்த்துகிறார்கள். பதிலுக்கு அரிசி, வெல்லம், கொஞ்சம் சில்லறை. இதுதான் ஃபூல் தேயீ. 'தேயீ' என்றால் வாசற்படி.

புரான்ஷ், உத்தராகண்டின் மாநில மரம். நீலகிரியின் காட்டுப் பூவரசு இதற்கு நெருங்கிய சொந்தம். இதழ்களைக் கொதிக்க வைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்தால் சர்பத் தயார்.

பூ உதிர்ந்ததும் பழங்களின் முறை. முட்புதரில் பொன்மஞ்சளாக ஹிசாலு. அப்புறம் கில்மோரா. கருநீலப் பழம், தின்ற பிள்ளையை நாக்கே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ராஜா காஃபல்தான். கொட்டை பெரிது, சதை பெயரளவுக்கு. இருந்தும் உப்பும் கடுகெண்ணெயும் பிசறிய ஒரு கைப்பிடிக்கு மலைக்காரர்கள் எதையும் கொடுப்பார்கள். பறித்த ஓரிரு நாளில் கெட்டுவிடுவதால் சமவெளிச் சந்தைகளுக்கு அது அபூர்வம்.

காஃபலுக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. பறித்து வந்த கூடையை மகளிடம் காவலுக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள் ஓர் ஏழைத் தாய். வெயிலில் பழங்கள் வாடிச் சுருங்குகின்றன. கூடை குறைந்திருப்பதைக் கண்டு, மகள் தின்றுவிட்டாள் என்று ஆத்திரத்தில் அடிக்க, குழந்தை இறந்துபோகிறது. மாலையில் மழை பெய்து பழங்கள் உப்ப, கூடை மறுபடி நிறைகிறது. துக்கத்தில் தாயும் சாகிறாள். காஃபல் பழுக்கும் பருவத்தில் கூவும் குயிலின் குரலில், 'பழம் பழுத்தது, நான் ருசிக்கவில்லை' என்று அந்தக் குழந்தை சொல்வதாகத்தான் மலைக்காரர்களுக்குக் கேட்கிறது.

இந்த நாள்காட்டி இப்போது தடுமாறுகிறது. வெப்பம் கூடிய சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே புரான்ஷ் பூத்துவிடுகிறது. தாழ்ந்த மலைகளில் ஃபூல் தேயீ வருவதற்குள் உதிர்ந்தும் போகிறது. பூவாவது மேல்காட்டில் கிடைக்கும். வாசற்படிக்கு எங்கே போவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், உத்தராகண்டில் ஆள் குடியில்லாத கிராமங்கள் ஆயிரத்துக்கும் மேல். வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று குடும்பங்கள் டேராடூனுக்கும் ஹல்த்வானிக்கும் தில்லிக்கும் இறங்கிவிட்டன. பூட்டிய கதவுகளுக்கு எதிரே ஹிசாலு வழக்கம்போலப் பழுக்கிறது. குரங்குகளுக்குக் கொண்டாட்டம்.