கல்லு இருக்கா மாப்பிள்ளை?

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. 'ஃபோர் வீல் டிரைவ் சார்!' என்று நாலு பேரிடம் சொல்லிக் கொள்வதற்காகவே வாங்கியது. நம் வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் மலை எதுவும் இல்லை என்று மனைவி பலமுறை ஞாபகப்படுத்தியாகி விட்டது.

அதனால்தான், கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்கணும் என்று மாமனார் சொன்னதும் 'டக்'கென்று பிடித்துக் கொண்டேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஜீப்புக்கு இதைவிட வேறென்ன வேலை!

வண்டிக்கு அப்போதே இரண்டு வியாதி. கொஞ்ச தூரம் ஓடினால் கியர் ராடு கையைச் சுடும். ஹேண்ட் பிரேக் பிடிக்காது. முதலாவதற்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். (என்ஜின் சூடு நார்மல்தான். ஊற்றுவதில் ஒரு திருப்தி!) இரண்டாவதற்கு, நானே ஸ்பானரோடு அடியில் படுத்து கேபிளை முறுக்கினேன். நாலு நாள் பிடிக்கும். மறுபடி லூஸ். மறுபடி முறுக்கல்.

பாதி மலையில் ஒரு பாட்டி பலாச்சுளை விற்றுக் கொண்டிருந்தாள். நிறுத்தினேன். மாமனார் பின் சீட்டில் தூக்கம். ஹேண்ட் பிரேக்கை முடிந்த மட்டும் இழுத்துவிட்டு, கியரைக்கூடப் போடாமல் இறங்கி, நானும் மனைவியும் பேரம் பேச ஆரம்பித்தோம்.

"ஏஞ்சாமி, வண்டி போகுதே!" என்றாள் பாட்டி.

திரும்பினால், மாமனார் பின்பக்கமாக மெதுவாகப் போய்க் கொண்டிருக்கிறார்! வளைவில் ஒரு முழ உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். அதற்கப்புறம் ஆகாயம்தான். நான் "ஐயோ" என்று கத்தினேன்; நான் செய்தது அது ஒன்றுதான். பாட்டிதான் கூடைக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைத் தூக்கிக் கொண்டு ஓடி, பின் சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். ஜீப் குலுங்கி நின்றது.

மாமனார் கண் விழித்து, "கோயில் வந்துடுச்சா?" என்றார்.

மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கோயிலுக்கு பஸ்ஸில் போனோம். மறுநாள் நாமக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினார். ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கும்போதே 'சர்க் சர்க்' என்று உரசல்.

"இது சக்கரத்துல பிடிக்கிற பிரேக் இல்லை சார்!"

1941-ல் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம். ஹேண்ட் பிரேக் டிரம், டிரான்ஸ்ஃபர் கேஸின் முதுகில், பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் நாலைந்து சுற்று சுற்றும். நான் முறுக்கிய முறுக்கில் பிரேக் ஷூ ஓயாமல் உரசி, டிரம் கொதித்து, பக்கத்திலிருந்த ஆயில் சீல் வெந்து விட்டது. ஆயில் கசிந்து நேராக டிரம்முக்குள்! எண்ணெய் குளித்த லைனிங் எங்கே பிடிக்கும்? பிடிக்கவில்லையே என்று நான் இன்னும் முறுக்க...

ஆயில் மட்டம் பார்க்கிற துவாரத்தில் விரலை விட்டுக் காட்டினார். துவாரத்தின் விளிம்பு வரை நிற்க வேண்டிய ஆயில். விரல் காய்ந்து வெளியே வந்தது. அப்புறம் கியர் ராடு சுடாமல் என்ன செய்யும்?

நான் பி.காம். ஒரு பக்கம் பற்று என்றால் இன்னொரு பக்கம் வரவு இருந்தாகணும் என்று மூன்று வருஷம் படித்தவன். அங்கே குறைகிற ஆயில் எங்கே வரவாகிறது என்று தேடத் தோன்றவில்லை. இரண்டு வியாதிக்கும் தனித்தனி லெட்ஜர் போட்டு வைத்திருந்தேன்!

"ஃபோர் வீல் போட்டா ஏறுனீங்க?"

"அடிவாரத்திலேர்ந்தே!" என்றேன் பெருமையாக.

தலையில் அடித்துக் கொண்டார். வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் போகணும். முன்னையும் பின்னையும் ஒன்றாகக் கட்டிப் போட்டால், சேற்றில் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் முறுக்கமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

கேபிளைத் தளர்த்தி, கியர் ஆயில் ஊற்றி, முதல் கியரிலேயே இறக்கிக் கொண்டு வந்தார். புது சீல், புது லைனிங் போட்டாயிற்று.

கிளம்பும்போது பாட்டியிடம் கல்லுக்கு விலை கேட்டேன். "எடுத்துட்டுப் போ சாமி, மலை பூரா அதுதானே கெடக்குது" என்றாள்.

இப்போது ஹேண்ட் பிரேக் கன கச்சிதம். ஆனாலும் மாமனார் ஏறுவதற்கு முன் குனிந்து சீட்டுக்கடியில் பார்க்கிறார்.

"கல்லு இருக்கா மாப்பிள்ளை?"