நெல்லுச்சோறு

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது 2016இல். கண்ணாடி மாற்றப் போன இடத்தில், "ரத்தம் பாத்துட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பினார்கள். வெறும் வயிற்றில் 188. 126 வந்தாலே வியாதிதான் என்றார் டாக்டர். மூன்று மாதக் கணக்கைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5க்குள் இருக்கணுமாம், எனக்கு 9.2. மெட்பார்மின் 500, காலையும் ராத்திரியும் சாப்பாட்டோடு. "பக்கத்து ரூம்ல சாப்பாட்டு விவரம் சொல்வாங்க, கேட்டுக்குங்க."

அந்த ரூமில் இருந்த அம்மா அச்சடித்த தாளை நீட்டினாங்க.

"நான்வெஜ் உண்டா?"

"உண்டுங்க."

"என்னென்ன?"

நாக்கு நுனிவரைக்கும் வந்த வார்த்தையை முழுங்கிட்டு, "கோழி, மீனு" என்றேன். நாற்பத்தாறு வயசு, பதினெட்டு வருஷம் வாத்தியார் வேலை. மேடையில் மாட்டுக்கறி எங்கள் உரிமை என்று பேசியவன். ஒரு தாளுக்கு முன்னால் பொய் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"வெள்ளைச் சோத்தைக் குறைங்க. கேவுரு, கம்பு சாப்பிடுங்க. உங்க தாத்தா பாட்டியெல்லாம் அதச் சாப்பிட்டுத்தானே நோய்நொடி இல்லாம இருந்தாங்க?"

அந்தம்மா நல்லதுக்குத்தான் சொன்னாங்க. ஆனால் என் ஆயா கேவுருக் கூழ் குடிச்சது உடம்புக்கு நல்லதென்று இல்லை. நெல்லு ஆண்டை வீட்டுக் களஞ்சியத்துக்குப் போயிட்டது, அதனால் குடிச்சா. நட்டவளும் அவள், அறுத்தவளும் அவள். எங்கள் சேரியில் நெல்லுச்சோறு தீபாவளிக்கு, பொங்கலுக்கு, அப்புறம் யாராவது செத்தால் கருமாதிக்கு. கருமாதி எப்ப வரும் என்று பிள்ளைகள் நாங்கள் கணக்குப் பார்த்திருக்கிறோம். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

2008இல் ஒரு ரூபாய் அரிசி வந்தது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். அதன் பிறகு எங்கள் தெருவில் மூன்று வேளையும் சோறு. ரேஷன் அரிசிதான் சுகரைக் கொண்டாந்துச்சு என்று சிலபேர் நக்கலாகப் பேசுகிறார்கள். ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தவன் அந்தப் பேச்சை ஒத்துக்க மாட்டான். சோத்து மேலே குற்றம் இல்லை. சோத்தோடு வைத்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததுதான் குற்றம். பருப்பும் காயும் ரேஷன் அரிசி மாதிரி சும்மா வருவதில்லை. அதனால் மலை மாதிரி சோறு, தண்ணியாட்டம் ரசம்.

சுகர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி நானே சோதித்தேன். வயிறு முட்டச் சோறும் குழம்பும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 262. சரி, ஆயா வழியில் போவோம் என்று கேவுருக் களி ரெண்டு உருண்டை. 238. களியும் மாவுதானே! மிஷினில் நைசாக அரைத்த மாவு இன்னும் சீக்கிரமாக ரத்தத்துக்குள் இறங்கும். அப்புறம் ஒருநாள் கீரை, பருப்பு, கொழுப்பு கழித்த மாட்டுக்கறி ஒரு கை, இதையெல்லாம் முதலில் தின்றுவிட்டுக் கடைசியில் ஒரு கரண்டிச் சோறு. 168. நான் பொய் சொல்லி மறைத்த கறியில் மாவுச்சத்தே கிடையாது. அடுத்த தடவை போனபோது அந்தம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு, "அளவா சாப்பிடுங்க" என்று தாளில் எழுதிக்கொண்டாங்க.

சோத்தைவிட என்னைப் பயமுறுத்தியது காலைப் பற்றி டாக்டர் சொன்னதுதான். "வெறுங்காலோட நடக்காதீங்க. தினமும் ராத்திரி பாதத்தத் திருப்பிப் பாருங்க."

என் அம்மாவுக்குச் செருப்பு கிடையாது. ஊர்த்தெரு முனை வந்தால் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கணும். கையில் பிடிக்கிற செருப்பு எதுக்கு என்று அவள் வாங்கவே இல்லை. கடைசிக் காலத்தில் பெருமையாகச் சொல்லுவாள்: "எனக்கு முள்ளு குத்துனாலும் தெரியறதுல்லடா, காலே செருப்பாட்டம் ஆயிப்போச்சு." நாங்களும் சிரிப்போம். சர்க்கரை நரம்பை அரித்தால் வலி தெரியாது என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? 2003இல் ஒருநாள் சாணி மெழுகிய தரையில் ரத்தம் ஒத்தி ஒத்திப் போயிருந்ததைப் பார்த்துத்தான் காலைத் திருப்பினோம். வேலிக்காத்தான் முள். எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ, சுற்றிலும் சீழ். ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு முதன்முதலாகச் சர்க்கரை பார்த்தார்கள். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே. அடுத்த வருஷம் செத்துப்போனாள்.

இப்போது காலையில் அரைமணி நேரம் நடக்கிறேன். எங்கள் தெரு ரோடு குண்டும் குழியும். ஊர்த்தெருவில்தான் சிமெண்ட் ரோடு. ஷூ மாட்டிக்கொண்டு அந்த வழியாகவே போகிறேன். முதல் நாள், திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, இந்நேரத்துல இந்தப் பக்கம்?"

"சுகருங்க. நடக்கச் சொல்லியிருக்காங்க."

"எவ்ளோ?"

"வெறும் வயித்துல 130."

"எனக்கு 210" என்றார். அவர் காலில் கட்டுப் போட்டிருந்தது. "காலைக் காட்டினீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. தினமும் போகிறேன், தினமும் கேட்கிறேன்.