நடு ராத்திரியில் தட்ட ஒரு கதவு

டெல்லி சாணக்யபுரியில் வேலை பார்க்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷமாகிறது. அலுவலகம் முடிந்து நடந்தால் நியாய மார்க்கில் பின்லாந்து தூதரகம், சந்திரகுப்த மார்க்கில் பூட்டான் தூதரகம். நாட்டின் மொத்த உற்பத்தியைவிட மொத்த மகிழ்ச்சியே முக்கியம் என்றவர் பூட்டானின் நான்காவது மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக். 2011இல் ஐ.நா. பொதுச்சபை மகிழ்ச்சியைப் பற்றித் தீர்மானம் போட்டதும் பூட்டான் முன்னின்றதால்தான். பின்லாந்தோ, 2025 உலக மகிழ்ச்சி அறிக்கையிலும் முதலிடம், தொடர்ந்து எட்டாவது முறையாக. இந்தியாவுக்கு 118ஆம் இடம்.

பத்துப் படி ஏணி ஒன்றை மனதில் வைத்து, உன் வாழ்க்கை இன்று எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுத்தான் அந்த வரிசையைப் போடுகிறார்கள். ஒரு நாடு ஏன் மேலே, இன்னொன்று ஏன் கீழே என்பதற்கு வருமானம், ஆரோக்கியமான ஆயுள், ஊழல் என்று பலதையும் பார்க்கிறார்கள். அதில் ஒரு கேள்வி என்னை விடுவதே இல்லை: இக்கட்டில் நம்பிப் போக உனக்கு உறவோ நட்போ உண்டா?

ஊரை விட்டு வந்தவனுக்கு அது சுடுகிற கேள்வி. வந்த முதல் குளிர்காலத்தில், ஜங்புராவில் ஒரு மொட்டைமாடி அறையில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். கையில் சம்பளம் இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. கீழ்வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்கா என் இருமலைக் கேட்டு மாடி ஏறி வந்தார். சாயங்காலம் தூக்கில் மிளகு ரசம். "எங்க கேம்ப்புல யாரையும் இப்படித் தனியா கெடக்க விடமாட்டோம் தம்பி" என்றார்.

அவர் சொன்னது மதராசி கேம்ப். பாராபுல்லா கால்வாய் ஓரம், அரை நூற்றாண்டாகத் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி. நடந்து போகும் தூரத்தில் வீட்டு வேலை, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பள்ளி, ராத்திரி எந்நேரமும் தட்டக்கூடிய பக்கத்துக் கதவு. அங்கே காசு குறைவு. ஏணியில் எந்தப் படி என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தயங்காமல் 'உண்டு' என்றிருப்பார்கள்.

கால்வாய் அடைபட்டு வெள்ளம் வருகிறது என்று வழக்கு நடந்து, நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி என்று பட்டியலில் வந்தவை 189 குடும்பங்கள்தான். அந்த வீடும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி. காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க வேண்டியவர் எத்தனை மணிக்குக் கிளம்புவது? கால்வாய் தூர்வாரப்பட வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிமெண்டுச் சுவரும் கூரையும் கொடுத்து, வேலையையும் அண்டை வீட்டையும் பிடுங்கிக்கொண்டால் அது மறுவாழ்வு ஆகாது.

இடம் ஒதுக்குகிறவர்கள் சதுர அடியோடு, இக்கட்டில் நம்பிப் போக ஆள் உண்டா என்ற அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும். வேலைக்குப் பக்கத்தில், ஒரு தெருவை ஒரே தெருவாகக் குடியமர்த்துங்கள்.