மரத்தூளிடம் கேட்கும் கேள்விகள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் சவுக்குத் தோப்புகளைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் பலர் அதைப் பைன் வகை என்றே நினைப்பார்கள். ஊசி ஊசியாகத் தொங்குகிறது, காயும் சின்னக் கூம்புபோல இருக்கிறது. உண்மையில் அந்த ஊசிகள் பச்சைக் குச்சிகள்; இலை என்பது கணுவுக்குக் கணு ஒட்டியிருக்கும் சின்னச் செதில்தான். சவுக்கு பூக்கும் தாவரம், பைன் கூம்புத் தாவரம். காகிதக்கூழ் ஆய்வகத்தில் மரத்தூளோடு பழகும் எனக்கு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது லிக்னின்.

மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். செல்லுலோஸை ஒழுங்காகக் கோத்த மாலை என்றால், இது ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட முட்புதர். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இந்தப் புதர் பெரும்பாலும் குவயாசில் என்ற ஒரே அலகால் ஆனது: ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரே ஒரு மெத்தாக்சி தொகுதி. வளையத்தின் ஐந்தாம் கார்பன் காலியாக இருப்பதால் பக்கத்து அலகு அங்கே வந்து கார்பனோடு கார்பனாகப் பிணைந்துகொள்ளும். சவுக்கில் சிரிஞ்சில் அலகும் கலந்திருக்கிறது. அதில் அந்த இடத்தை இரண்டாவது மெத்தாக்சி அடைத்துவிடுகிறது. பைன் லிக்னினில் பாதியளவு பிணைப்புகள் பீட்டா-ஓ-4 என்ற ஈதர் வகை. கூழ்க்காரத்துக்கு ஈதர் மசியும், கார்பன்-கார்பன் மசியாது. நீண்ட இழை தரும் பைனை வேகவைப்பது சவுக்கைவிடக் கடினமாக இருப்பதற்கு, அதில் கார்பன்-கார்பன் பிணைப்புகள் கூடுதலாக இருப்பது முக்கியக் காரணம்.

அளவைக் காண கிளாசன் முறை. முதலில் தூளிலுள்ள பிசினைக் கரைப்பானால் நீக்க வேண்டும். விட்டுவைத்தால் அதுவும் லிக்னின் கணக்கில் ஏறும். பிறகு 72 சதவீதக் கந்தக அமிலம் ஊற்றிக் கண்ணாடிக் குச்சியால் கிளற, தூள் குழைந்து கறுக்கும். நீர்விட்டு 3 சதவீதமாக்கி நான்கு மணி நேரம் கொதிக்கவைத்தால் சர்க்கரைகள் கரைந்துபோய்ப் பழுப்புத்தூள் மிஞ்சும். பைனில் அது பெரும்பாலும் 26 முதல் 32 சதவீதம். சவுக்கையும் சேர்த்து வகைப்படுத்தும் அகன்ற இலை மரங்களில் லிக்னினின் ஒரு பகுதி அமிலத்திலேயே கரைந்துவிடுவதால், வடிநீரைப் புறஊதா ஒளியில் 205 நானோமீட்டரில் அளந்து கூட்டிக்கொள்கிறோம்.

இந்த எண் எவ்வளவு என்று சொல்லும், எப்படிப்பட்டது என்று சொல்லாது. அதற்கு நான் முதலில் கையில் எடுப்பது மியூலே சோதனை. சிறு சீவலைப் பெர்மாங்கனேட்டில் ஊறவைத்துக் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பழுப்பு நீங்கும்வரை வைத்து, மேலே ஒரு சொட்டு அம்மோனியா விட்டால் சவுக்கு ரோஜாச் சிவப்பாகிறது. இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் பெட்டியின் பலகைச் சீவல் மஞ்சள்பழுப்பிலேயே நின்றுவிடும். சிரிஞ்சில் இருப்பதையும் இல்லாததையும் கண்ணே பார்த்துவிடுகிறது.

அடுத்தது நைட்ரோபென்சீன் ஆக்சிஜனேற்றம். பைனிலிருந்து கிடைக்கும் விளைபொருள் ஏறக்குறைய முழுக்க வெனிலின். சவுக்கு சிரிஞ்சால்டிஹைடும் சேர்த்துத் தரும். ஆனால் பைனிலிருந்து வரும் வெனிலின் லிக்னின் எடையில் கால்பங்கு அளவில்தான். கார்பன்-கார்பனாகப் பிணைந்த அலகுகள் உடையாமல் பின்தங்கிவிடுகின்றன. கிடைக்காமல் போன அந்தப் பங்குகூட அமைப்பைப் பற்றிய சான்றுதான்.

அந்தச் சவுக்குத் தோப்புகள் உள்ள விழுப்புரம் மாவட்டத்தில் கூம்புத் தாவரம் இருந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்களில் கூம்புத் தாவரங்களும் உண்டு. ஆண்டு வளையம் வரை அமைப்பு நின்றிருக்கிறது, ஆனால் மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. அங்கே என் அமிலத்துக்கு வேலையில்லை, நுண்ணோக்கிதான் பேசும்.

ஆய்வகத்துக்கு வரும் இளையவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான். ‘லிக்னின் 28 சதவீதம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த முறையில், பிசின் நீக்கியதா, கரைந்த பகுதி சேர்ந்ததா என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் லிக்னினைக் கொஞ்சம் சிதைத்துத்தான் பதில் வாங்குகிறது. அந்தச் சிதைவு எங்கே நடந்தது என்று தெரிந்தவர் கையில்தான் எண்ணுக்கு மதிப்பு.