தலையை வில்லாக வளைத்துத் தூங்கியவன்

அக்கா மகனுக்கு இரண்டாம் மாதத்திலிருந்தே மூச்சில் ஒரு 'கர்ர்' சத்தம். சளி என்றார்கள், பிறகு வீசிங் என்றார்கள். நெபுலைசர் வைத்து வைத்து அந்தப் பிஞ்சுக் கன்னத்தில் மாஸ்க் தடமே விழுந்துவிட்டது. பால் குடிக்கையில் திணறுவான். தூக்கத்தில் தலையைப் பின்னால் வில்லாக வளைத்துக்கொள்வான். அவனுக்கு அதுதான் வசதி போல என்று விட்டுவிட்டோம். காற்றுக்கு வழி தேடித்தான் அப்படிக் கிடந்திருக்கிறான்! எட்டாம் மாதம் சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் புரிந்தது.

கருவில் பெருந்தமனிக்கு முதலில் இரண்டு வளைவுகள் இருக்கும். வழக்கமாக வலப்பக்க வளைவு மறைந்துவிடும். இவனுக்கு இரண்டுமே தங்கி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சேர்த்து வளையமாக இறுக்கிவிட்டன. பாஸ்டனில் டாக்டர் ராபர்ட் கிராஸ் 1945-லேயே இப்படியொரு வளையத்தை வெட்டி ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறார். இவனுக்கும் சிறிய வளைவைக் கட்டி வெட்டிவிட்டார்கள்.

மருந்துக்கு அடங்காத சத்தம் என்றால், ரத்தக்குழாயையும் பார்க்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

நசுங்கிய மூச்சுக்குழாய் தேற மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேற்று ராத்திரி அக்கா போன் பண்ணினாள்: "அரை இட்லி சாப்பிட்டான்டி, ஒருதடவைகூடத் திணறல."