சுமை தாங்கும் கோல்

உலகில் எல்லாப் பொருளும் தம் எடையைத் தாமே தாங்கி நிற்பதில்லை. முல்லைக்கொடி கொழுகொம்பை நாடுகிறது; முதுமை ஊன்றுகோலை நாடுகிறது. குலை தள்ளிய வாழையைப் பாருங்கள். காற்றுக் காலத்தில் உழவர் அதன் கழுத்தருகே சவுக்குக் கோல் ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்துகின்றனர். அக்கோல் முறியுமாயின், பல மாதத்து உழைப்பு ஒரே இரவில் மண்ணில் சாய்ந்துவிடும். ஆதலின் உழவர் முட்டுக்கோலைத் தேரும்போது அதன் அழகைப் பார்ப்பதில்லை. பருமனையும் உறுதியையும் பார்க்கின்றனர். புகைப்படக் கலையிலும் இத்தகைய முட்டுக்கோல் ஒன்று உண்டு. அதனை ஆங்கிலத்தில் மோனோபாட் என்பர். நாம் ஒற்றைக்கால் தாங்கி எனலாம்.

பறவைகளைப் படம் பிடிப்பது பல ஆண்டுகளாக என் ஓய்வு நேரத்து இன்பமாகும். பறவை மனிதனை அருகில் வரவிடுவதில்லை. எனவே, தொலைவில் உள்ளதைக் கிட்டக் கொணர்ந்து காட்டும் டெலிபோட்டோ வில்லை இக்கலைக்கு இன்றியமையாதது. ஆயின் அவ்வில்லை பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை. நம் கையின் நடுக்கத்தையும் உடன் பெரிதாக்கிவிடுகிறது. குவியத் தொலைவு 600 மில்லிமீட்டர் ஆயின், கையில் ஏந்திப் படம் எடுப்போர் ஒரு நொடியில் 600-இல் ஒரு பங்கினும் மிகாத நேரமே ஒளியை உள்ளே விடவேண்டும் என்பது படக்கலைஞரிடையே வழங்கும் பழைய கணக்கு. பறவைகள் சுறுசுறுப்பாக இயங்கும் விடியற்காலையிலோ அவ்வளவு குறுகிய நேரத்திற்குப் போதிய ஒளி பல வேளைகளில் கிடைப்பதில்லை.

நடுக்கத்தோடு எடையும் சேர்ந்துகொள்கிறது. 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த 600 மில்லிமீட்டர் பெருவில்லை ஒன்று 5 கிலோவினும் மிகுந்த எடை உடையது. இக்காலத்தில் அத்தகைய வில்லைகள் 3 கிலோ அளவிற்கு இளைத்துள்ளன. எனினும் காமிராவும் சேர்ந்தால் சுமை 4 கிலோவை நெருங்கும். எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தரும் காட்டு விலங்குகளைப் படம் பிடிப்பதில் புகழ்பெற்றவருமான மா. கிருஷ்ணன் (1912–1996), பல உறுப்புகளைத் தாமே இணைத்து உருவாக்கிய தம் காமிராவிற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அதன் பளுவை அப்பெயரே பறைசாற்றும். 1995 முதல் நடுக்கத்தைத் தானே திருத்தும் வில்லைகளும் காமிராக்களுக்கு வந்துள்ளன. அவை படத்தின் கலக்கத்தைக் குறைக்குமேயன்றித் தோளின் சுமையைக் குறைக்கமாட்டா.

எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் உளர். பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்றவர். சேமித்த பணத்தில் பெருவில்லை ஒன்று வாங்கி, ஏரிதோறும் சென்று பறவைகளைப் படம் எடுத்து வந்தார். அறுபத்தைந்தாம் வயதில் அவருடைய வலத்தோள் நோயுற்றது. "சுமையைக் கையில் ஏந்தி நிற்பதை விட்டுவிடுங்கள்" என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். அவர் வில்லையை விற்றுவிட எண்ணினார். "இருபது நொடி தூக்கிப் பிடித்தால் தோள் கெஞ்சுகிறது. பறவை வரும்வரை எப்படி நிற்பேன்?" என்று அவர் கூறியபோது என் உள்ளம் நெகிழ்ந்தது. "விற்பதற்குமுன் ஒரு தாங்கியை வாங்கிப் பார்ப்போம், ஐயா" என்றேன்.

முக்காலித் தாங்கியே மிக்க உறுதியுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏரிக்கரை குறுகியது. பலரும் நடமாடும் வழியில் மூன்று கால்களை விரித்து வைத்தல் பிறர்க்கு இடையூறாகும். நாரை ஒன்று திடீரென எழுந்து பறந்தால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்புவதும் எளிதன்று. விளையாட்டரங்குகளின் ஓரத்தில் நிற்கும் படக்கலைஞர் பலர் ஒற்றைக்கால் தாங்கியை விரும்புவதற்கும் இவையே காரணம்.

சென்னையில் ஒரு கடைக்குச் சென்றோம். கடைக்கார இளைஞர் மெல்லிய தாங்கி ஒன்றை எடுத்து வைத்தார். ஐந்து குழாய்கள் ஒன்றனுள் ஒன்று அடங்கி, ஒரு முழத்தினும் குறுகி இருந்தது.

"ஐயா, இது கைப்பையில் அடங்கிவிடும். எட்டுக் கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள்" என்றார்.

"தாங்கும் என்பது சரி, தம்பி. அசையாமல் தாங்குமா?" என்று நண்பர் கேட்டார்.

பின்னர் அவர் ஐந்து குழாய்களையும் முழுமையாக நீட்டித் தரையில் ஊன்றி, உச்சியில் இடக்கையை வைத்து அழுத்தினார். சுண்டுவிரல் பருமனே இருந்த அடிக்குழாய் தூண்டிற்கோல் போல வளைந்தது. "எத்தனைக் குழாய்கள் இருந்தாலும் இதன் வலிமை இந்த மெலிந்த குழாயின் வலிமைதான்" என்றார் அவர். கணக்காசிரியர் அல்லவா? அதன் காரணத்தையும் விளக்கினார். சுவரின் தடிப்பு மாறாமல் ஒரு குழாயின் விட்டம் இருமடங்கானால், வளையாது நிற்கும் அதன் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். குழாய்களின் எண்ணிக்கை கூடக்கூட அடிக்குழாய் மெலிந்துகொண்டே போகும், பூட்டுகளும் மிகும், ஒவ்வொரு பூட்டும் நழுவக்கூடிய ஓர் இடமாகும். ஆதலின் பெருஞ்சுமைக்கு மூன்று அல்லது நான்கு குழாய்களே உடைய பருத்த தாங்கி சிறந்தது. அட்டையில் குறித்த தாங்கு திறன் நம் சுமையைப்போல் இருமடங்கேனும் இருத்தல் நலம்.

அடுத்துப் பூட்டுகளை ஆராய்ந்தோம். திருகிப் பூட்டுவனவும் உண்டு. நெம்பி மூடுவனவும் உண்டு. இரண்டும் நல்லனவே. பூட்டியபின் உடலின் எடையைச் சிறிது சிறிதாக ஏற்றும்போது குழாய் நழுவாதிருத்தல் வேண்டும். குழாய் அலுமினியத்தாலும் ஆகலாம், கரிம இழையாலும் ஆகலாம். கரிம இழை எடை குறைந்தது, விலை மிகுந்தது, கூரிய கல்லில் மோதினால் விரிசல் காணக்கூடும். அலுமினியம் விலை மலிந்தது; மோதினால் பெரும்பாலும் நசுங்குமேயன்றி உடைவதில்லை. நண்பர் தம் பணப்பையை எண்ணி அலுமினியத்தையே தேர்ந்தார்.

உயரத்தையும் அளந்தோம். தாங்கியின்மேல் வில்லையும் காமிராவும் அமர்ந்தபின், காமிராவின் கண் நம் கண்ணுக்கு நேராக நிற்றல் வேண்டும். குனிந்து நின்றால் தோளின் வலி முதுகிற்கு மாறிவிடும். கரைச்சரிவில் ஊன்ற நேரும் வேளைகளுக்காகச் சற்று மிகுந்த நீளம் இருப்பதும் நன்று. அடிப்பகுதியில் பாறைக்கு ஏற்ற ரப்பர் அடியும், மண்ணிற்கு ஏற்ற கூர்முனையும் மாற்றி அமைத்துக்கொள்ளும்படி இருத்தல் சிறப்பு.

உச்சியில் பொருத்தும் தலையைப் பற்றியும் ஒரு சொல். எப்பக்கமும் சுழலும் பந்துத் தலை பெருவில்லைக்கு ஏற்றதன்று. திருகு சிறிது தளர்ந்தாலும் வில்லை பக்கவாட்டில் சாய்ந்து விழும். முன்னும் பின்னும் மட்டும் சாயும் தலையே போதும். பக்கவாட்டில் திரும்புவதற்குக் கோலையே திருப்பிக்கொள்ளலாம். மேலும், தாங்கியைக் காமிராவின் அடியில் பொருத்துதல் கூடாது. அவ்வாறு செய்தால் வில்லையின் பளு முழுதும் முன்னே தொங்கி, இரண்டும் இணையும் வாயை வருத்தும். பெருவில்லையைச் சுற்றி ஒரு வளையமும் அதன் அடியில் ஒரு பாதமும் இருக்கும். அப்பாதத்தில் பொருத்தினால் சுமை துலாக்கோல் போல் சமன்பட்டு நிற்கும்.

இவ்வளவும் ஆராய்ந்து பருத்த தாங்கி ஒன்றை வாங்கினோம். ஆயினும் எத்துணைச் சிறந்த ஒற்றைக்காலும் தானே நிற்பதில்லை. அது மேலும் கீழும் அசையும் அசைவைத் தடுக்கும். பக்கங்களில் சாயும் சாய்வை நாமே தடுக்கவேண்டும். கால்களைத் தோளளவு அகற்றி வைத்து, கோலின் அடியைச் சற்று முன்னே ஊன்றி, அதன்மீது மெல்லச் சாய்ந்து நிற்றல் வேண்டும். அப்போது நம் இரு கால்களும் கோலும் கூடி மூன்று கால்களாகின்றன. சுமையைக் கோல் ஏற்கிறது. உறுதியை உடல் தருகிறது.

அவ்வாண்டு தை மாதத்தில் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்குச் சென்றோம். தலைமுறை தலைமுறையாக ஊரார் பறவைகளைப் பேணிக் காத்துவரும் ஏரி அது. விடியலில் நண்பர் கோலை ஊன்றிக் கரையில் நின்றார். ஒரு மணி நேரத்திற்குமேல் கழிந்தும் அவர் தோளைத் தடவிக்கொள்ளவில்லை. நத்தைகுத்தி நாரை ஒன்று நீரிடை மரத்தின் உச்சியில் வந்து அமர்ந்தது. அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் சிறு இடைவெளி தோன்றும். அவர் எடுத்த படத்தில் அந்த இடைவெளியினூடே கிழக்கு வெளுத்தது தெளிவாகத் தெரிந்தது. வில்லையை விற்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

துணையாக ஒன்றை நாடுவோர் அதன் தோற்றத்தில் மயங்குதல் கூடாது. நம் சுமை முழுவதையும் ஏற்றி, அதன் மெலிந்த இடம் எதுவென முதலில் சோதித்தல் வேண்டும். தேர்ந்து கொண்டபின், நம் கால்களையும் உறுதியாக ஊன்றி நிற்றல் வேண்டும். அவ்வாறு நிற்பவர்க்கே ஒற்றைக் கோலும் உற்ற துணையாகும்.