கரண்ட் இல்லாத காலத்து உறுமல்

சித்தப்பாவின் கிற்றார் அம்பிளிபையரைப் பரணிலிருந்து இறக்கிய அன்று நான் அதைச் சுவரில் செருகவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மின்சாரம் காணாத வால்வுப் பெட்டிக்கு ஒரேயடியாக 230 வோல்ற் கொடுத்தால் உள்ளதும் போய்விடும். 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்துத்தான் சுவிச்சைப் போட்டேன். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கியது. ஷோர்ட் இல்லை. வால்வுகள் மெல்லச் சிவந்தன. பிறகு அந்த உறுமல் வந்தது.

1970களின் முற்பகுதியில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுகள் ஊரூராகப் பரவிய காலமும் அதுதான். சித்தப்பாவின் குழுவுக்காக, றேடியோ திருத்துகிற ஒருவர் கையாலேயே செய்து கொடுத்தது இந்தப் பெட்டி. முன்னுக்கு ஒரு ஈசிசி 83, வெளியீட்டுக்கு இரண்டு ஈஎல் 84. றேடியோக்களிலும் றெக்கோட் பிளேயர்களிலும் வந்த அதே வால்வுகள். வயர்களைச் சணல் நூலால் கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்தாலே அவர் மீது மரியாதை வரும்.

உறுமலில் இரண்டு சாதி உண்டு. எங்கள் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அலைகிறது. ஏர்த் கோளாறோ வால்வைச் சூடாக்கும் இழையோ காரணமென்றால் அந்த 50 அப்படியே கேட்கும், அடிவயிற்றில் அதிர்வதுபோல. வடிகட்டும் கொண்டென்சர் பழுதென்றால் கேட்பது 100. ஒரு ஸ்தாயி மேலே, கருவண்டின் இரைச்சல். நான் கேட்டது வண்டு. வொலியூமை முழுக்கக் குறைத்தும், முன் வால்வைக் கழற்றியும் அது அசையவில்லை. சந்தேகமே வேண்டாம், கொண்டென்சர்தான்.

கொண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின்மேல் மிக மெல்லிய ஒக்சைட் படை இருக்கிறது. வோல்ற் கிடைக்கிறவரை அது தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். கிடைக்காவிட்டால் படை கரையும், உள்ளே இருக்கும் திரவமும் காயும். 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட வீடுதான் எங்களுடையதும். சிறிய ட்ரான்சிஸ்டர் றேடியோவுக்கு அது போதும். 300 வோல்ற் கேட்கும் பெட்டிக்கு யார் பெடல் சுற்றுவது? பரணில் ஏறியது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும் அங்கேயே கிடந்தது. வாசித்து வாசித்துத் தேய்ந்த பெட்டியல்ல இது, வாசிக்க முடியாமல் கெட்டது. அதை நினைத்தபோது சோல்டர் பிடித்த கையைச் சற்றுநேரம் கீழே வைத்துவிட்டேன்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் கொண்டென்சரில் ஆளைக் கொல்லும் வோல்ற் தங்கியிருக்கலாம். றெசிஸ்ரர் ஒன்றால் அதை வடியவிட்டு, மீற்றரில் சுழியம் பார்த்த பிறகே கை வைத்தேன். புதியவை போட்டதும் வண்டு பறந்துவிட்டது.

அது போனபின்தான் மற்றச் சத்தங்கள் காதுக்கு எட்டின. வால்வுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஈசிசி 83 மணிபோல ஒலித்தது, மாற்றினேன். கடற்காற்றில் பச்சை பூத்த சொக்கற்றுகளைத் துடைத்ததும் பொரிவது நின்றது. மிச்சம் மெல்லிய 50. கிற்றார் கம்பியைத் தொட்டால் அடங்கும், விட்டால் எழும். பழைய இரட்டை வயருக்குப் பதிலாக ஏர்த்துள்ள மூன்று வயர் போட்டேன். அப்போதும் அடங்கவில்லை. பெட்டியை விட்டுவிட்டு வீட்டு ஏர்த் வயர் போன வழியே வளவுக்குள் போனேன். கிணற்றடியில், ஏர்த் குழாயின் கழுத்தில் வயர் துருப்பிடித்து அறுந்திருந்தது. இத்தனை காலம் வீட்டுக்கே ஏர்த் இல்லை! முறுக்கி, கிளிப் இறுக்கிவிட்டு ஓடிவந்து கேட்டேன். உறுமல் இல்லை.

இரவு கனடாவில் இருக்கும் சித்தப்பாவை அழைத்து, போனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தேன். வாசிக்கச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

“உஸ் எண்டொரு சத்தம் மெல்லமாக் கேக்குதோ மோனை?”

“ஓம் சித்தப்பா. அது வால்வின்ர சத்தம். இன்னும் குறைக்கலாம்.”

“குறைக்காதை. திரைக்குப் பின்னால நிண்டு அதைக் கேட்டுத்தான் பெட்டி சூடாகிட்டுது எண்டு அறியிறனாங்கள்.”